நடுவில் ஒரு நாள்: படகேறிக் கலைக் கண்காட்சிக்கு

போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலமலைத் தோட்டங்களிலிருந்தும் மேல்சிகிச்சைக்காக எர்ணாகுளம் செல்வோர் நன்கறிந்த ஒன்று உண்டு. முதல் நாள் பரிசோதனை. மூன்றாம் நாள் மருத்துவரைக் காண வேண்டும். இடைப்பட்ட நாள் விடுதி அறையிலேயே கழிகிறது. முடிவு எப்படி வருமோ என்ற அச்சத்தைக் கணவனும் மனைவியும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். வெளியே சென்றுவர மருத்துவரின் அனுமதி கிடைத்தால், அந்த நாளைப் படகில் தொடங்கலாம்.

எர்ணாகுளம் உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து போர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகுகள் செல்கின்றன. பயணம் ஏறத்தாழ 20 நிமிடம். 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இச்சேவையின் படகுகள் மின்கலத்தில் இயங்குவதால் புகையும் இரைச்சலும் குறைவு. மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியைத் தூக்காமல் உருட்டிச் செல்ல முடிகிறது. பழைய படகுகளில் இடைவெளியைத் தாண்டிக் கால்வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கரையேறினால் போர்ட் கொச்சியின் பழைய கிடங்குகள். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகிய ஓவியர்கள் தொடங்கிய கொச்சி முசிறி பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி, 2012 டிசம்பர் 12 அன்று முதன்முதலாக இங்கே நடந்தது. அதன் ஆறாம் பதிப்பு 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. பல பதிப்புகளுக்கு முதன்மைக் களமாக இருந்த ஆஸ்பின்வால் மாளிகை, 19ஆம் நூற்றாண்டில் மிளகும் இஞ்சியும் மஞ்சளும் ஏற்றுமதி செய்த வணிக நிறுவனத்தின் இடம். ஏலக்காய் மூட்டைகளின் மணத்தில் வளர்ந்த போடிக்காரர்களுக்கு அச்சுவர்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

உள்ளே வைத்திருப்பவை எல்லாம் புரிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. புரியாவிட்டாலும் குறையில்லை. “இதை எதற்கு வைத்திருக்கிறார்கள்?” என்று மனைவி கேட்க, கணவர் ஒரு விளக்கம் கண்டுபிடிக்க, இருவரும் சிரிக்க நேர்ந்தால், பல வாரங்களுக்குப் பின் மருந்தையும் செலவையும் பற்றி அல்லாத ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்று பொருள்.

கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2018 முதல் மருத்துவர்கள் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு இலவச வருகையைச் சீட்டில் எழுதித் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கொச்சி பினாலே அறக்கட்டளையும் 2014இல் எர்ணாகுளம் அரசுப் பொது மருத்துவமனையில் நோயாளிகளுக்காக வாராந்திர இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. இவை எதுவும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. மாத்திரையின் வேளை மாத்திரைக்கே உரியது.

பினாலே நடைபெறாத மாதங்களிலும் வாய்ப்பு உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் பொறுமையாகப் பார்க்கத் தக்கவை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நீர்வழி செல்ல இயலாதவர்களுக்கு எர்ணாகுளத்திலேயே கேரள லலிதகலா அகாதெமியின் தர்பார் ஹால் கலைக்கூடம் இருக்கிறது.

சில முன்னேற்பாடுகள் தேவை. இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் கூட்டத்துக்குள் செல்லக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் உணவைக் கையில் வைத்திருக்க வேண்டும். மலைக்காற்றுக்குப் பழகிய உடலுக்குக் கொச்சியின் புழுக்கம் எளிதல்ல. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தாகம் எடுக்கிறதே என்று நீரின் அளவை மீறக் கூடாது. கழிப்பறை எங்கே என்பதை நுழைந்தவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்போக்கும் மாத்திரை உண்பவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே வெளியே வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட முயல வேண்டாம், இரண்டு போதும். உடன் செல்பவரும் அவ்வப்போது அமரட்டும். ஊர் திரும்பும்போது மூணாறு, பூப்பாறை வழியே வந்து போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டியிருக்கும். குமட்டல் வருபவர்கள் வயிறு நிறைய உண்ணாமல், முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் பார்வையை நிறுத்தினால் பயணம் சற்று இலகுவாகும்.