ஜவ்வாது மலை: காண்பதும் காப்பதும்

நுழையும்முன்

மலைகளையும் காடுகளையும் வரலாற்றுச் சின்னங்களையும் காணச் செல்வது அறிவை வளர்க்கும் பயணம். காண வருவோர் பெருகப் பெருக, காணப்படும் இடம் தன் இயல்பை இழந்துவிடும் இடரும் உண்டு. வடதமிழ்நாட்டின் ஜவ்வாது மலை கல், வானம், காடு ஆகிய மூவகைச் செல்வங்களை உடையது. அவற்றின் சிறப்பையும், அவற்றைக் காணச் செல்வோரின் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையும் ஆறும்

கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. போளூரிலிருந்து மேற்கே செல்லும் மலைச்சாலை, இம்மலையின் மையமான ஜமுனாமரத்தூரை அடைகிறது. பீமன்மடவு அருவியும் மலைக்கிராமங்களும் காப்புக்காடுகளும் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. இம்மலையில் தோன்றும் செய்யாறு, செங்கம் வட்டாரத்தின் வழியே பாய்ந்து, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. மலைக்காடு தேக்கிவைக்கும் மழைநீரே சமவெளியின் ஏரிகளையும் வயல்களையும் நிரப்புகிறது.

வழிகாட்டிய இலக்கியம்

இவ்வட்டாரத்திற்குப் பயணம் செல்வோருக்கு வழிகாட்டும் இலக்கியம் சங்க காலத்திலேயே தோன்றிவிட்டது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் 583 அடிகளைக் கொண்டது. நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் குழுவினருக்கு அவனுடைய செங்கண்மா நகருக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக நூல் அமைந்துள்ளது. இன்றைய செங்கமே அந்தச் செங்கண்மா. இன்றைய செய்யாறே அந்நூல் போற்றும் சேயாறு.

விலங்குகளுக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் எனப் பயணத்தின் இடர்களை நூல் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. எவ்வூரில் தங்கலாம், அங்கு என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. வழியில் நிற்கும் நடுகற்களைக் கண்டால் மரபுப்படி இசைத்துச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. செல்லும் இடத்தின் இயல்பை முன்னரே அறிதல், அங்குள்ளோர் போற்றுவதைத் தாமும் போற்றுதல் ஆகிய இரண்டையும் பயணியின் பண்புகளாக அந்நூல் காட்டுகிறது.

கல்: நினைவின் செல்வம்

போரில் பட்ட வீரருக்குக் கல் எடுப்பது தமிழர் மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் எடுக்கும் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. செங்கம் வட்டாரம் இத்தகைய நடுகற்கள் மிகுந்த பகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை 1972ஆம் ஆண்டு வெளியிட்டது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் நினைவுகூர்கிறது. கள்வரைக் கடித்து நின்ற நாயின் பெயரையும் கல்லில் பொறித்துக் காத்த சமூகம் அது.

நடுகற்களினும் தொன்மையான கல்திட்டைகள் ஜவ்வாது மலைமேல் காணப்படுகின்றன. இவை பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமச் சின்னங்கள். பலகைக்கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே மூடுகல்லை ஏற்றி இவற்றை அமைத்தனர். சிறு வீடு போன்ற தோற்றத்தால், குள்ளர்கள் வாழ்ந்த இடங்கள் என்று மக்கள் கருதினர். குள்ளர் குகை என்னும் பெயர் அவ்வாறு தோன்றியது.

புதையல் கிடைக்கும் என்னும் மூடநம்பிக்கையாலும், கட்டுமானத்திற்குக் கல் பெயர்ப்பதாலும், பாறையில் பெயர் பொறிக்கும் பழக்கத்தாலும் தொல்சின்னங்கள் பல இடங்களில் அழிகின்றன. ஒரு கல் இருந்த திசை, அதன் அடியிலுள்ள மண்ணடுக்கு, அருகில் கிடக்கும் பானையோடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஆய்வாளர் அதன் காலத்தையும் பயனையும் கணிப்பர். கல்லை இடம்பெயர்த்துவிட்டால் கல் எஞ்சும். அது சொல்லும் செய்தி எஞ்சாது. நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லும் ஓர் ஓட்டுச்சில்லும் வரலாற்றின் ஒரு சொல்லை அழித்துவிடக்கூடும்.

வானம்: இருளின் செல்வம்

ஜவ்வாது மலையின் இரண்டாம் செல்வம் அதன் இரவு வானம். வானியல் அறிஞர் வைணு பாப்பு, தெளிந்த வானமும் நகர ஒளியின் குறுக்கீடு இன்மையும் கருதிக் காவலூரை வான்நோக்கு நிலையத்திற்குத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் அமைந்திருப்பதால், தென்வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காண இயலும். 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. 1972ஆம் ஆண்டு ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977ஆம் ஆண்டு வெளிப்படுத்திய ஆய்வில் காவலூருக்கும் பங்குண்டு. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, நிலையமும் தொலைநோக்கியும் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றன.

விண்மீனின் மெல்லொளி நெடுந்தொலைவு கடந்து தொலைநோக்கியை அடைகிறது. மின்விளக்குகள் மேல்நோக்கி உமிழும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளியிலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. அவ்வெளிறலில் மங்கலான விண்மீன்கள் முதலில் மறைகின்றன. எனவே, மலையடிவார நகரங்களின் வெளிச்சம் வளர்வதும், சுற்றுலாவிற்காக மலைமேல் கூச்சமூட்டும் விளக்குகள் பெருகுவதும் வானியல் ஆய்வுக்கு இடையூறாகும். இருளும் காக்கத்தக்க செல்வம் என்பதை உணர்ந்தே, லடாக்கின் ஹான்லே பகுதி 2022ஆம் ஆண்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விளக்குகளைக் கீழ்நோக்கி அமைத்தலும், தேவையற்றபோது அணைத்தலும் எளிய தீர்வுகள்.

தெரிந்து தெளிவோம்: 1988ஆம் ஆண்டு காவலூரில் கண்டறியப்பட்ட 4130ஆம் எண்ணுடைய குறுங்கோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

காடு: வாழ்வின் செல்வம்

ஜவ்வாது மலை சந்தன மரத்திற்குப் பெயர்பெற்றது. சந்தனம் தன் வேர்களால் அண்டை மரங்களின் வேர்களைப் பற்றி, அவற்றிடமிருந்து நீரையும் சத்தையும் பெற்று வளரும் இயல்புடையது. ஆகவே, துணைமரங்கள் இன்றித் தனித்து அது செழிப்பதில்லை. மணம் பொருந்திய வைரக்கட்டை முதிரப் பல்லாண்டுகள் ஆகும். கள்ளத்தனமாக வெட்டப்படும் ஒரு மரத்தை ஒரு தலைமுறைக்குள் ஈடுசெய்வது அரிது.

இக்காட்டைச் சார்ந்து மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழ் பேசும் இம்மக்களின் பெயர் மலையில் வாழ்வோர் என்னும் பொருளைத் தரும். சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுதலும், தேன், புளி போன்ற விளைபொருள்களைச் சேகரித்தலும் இவர்களுடைய தொழில்கள்.

உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படும் யெல்லோஸ்டோன், 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவானது. இயற்கையைக் காக்கும் அவ்வுயர்ந்த முயற்சியில், அந்நிலத்தைத் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய தொல்குடியினர் விலக்கப்பட்டனர். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்பதோடு காட்டைக் காக்கும் பொறுப்பையும் அவர்களுக்கு அளிக்கிறது. ஆதலால், மலைக்கிராமங்களைக் காட்சிப்பொருளாக எண்ணாது, அங்கு வாழ்வோரின் இல்லமாக மதித்து நுழைதல் வேண்டும்.

பயணியின் கடமை

நம் நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபைப் போற்றுவதும், காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பதும் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. மலைக்குச் செல்வோர் இக்கடமையைச் சிறு செயல்களாலேயே நிறைவேற்றலாம். கொண்டுசென்ற நெகிழிப் பொருள்களைத் திரும்பக் கொண்டுவரலாம். கோடையில் அணையாத ஒரு நெருப்புத்துண்டும் காட்டுத்தீயாக மாறும் என்பதால், காட்டில் தீ மூட்டாதிருக்கலாம். தொல்சின்னங்களைத் தொடாது படமெடுக்கலாம். மலைமக்கள் விளைவித்த சாமையையும் தேனையும் உரிய விலை கொடுத்து வாங்கலாம். அவர்கள் இசைவின்றி அவர்களைப் படம்பிடிக்காதிருக்கலாம்.

ஆற்றுப்படை இலக்கியத்தில் வழிகாட்டுபவன், தான் முன்னரே சென்று கண்டு மீண்டவன். இன்று மலைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொருவரும் அடுத்துச் செல்வோருக்கு அத்தகைய வழிகாட்டியே. தாம் கண்ட கல்லும் வானமும் காடும் குன்றாமல் இருந்தால்தான், பிறரையும் அங்கு ஆற்றுப்படுத்த இயலும்.