வீட்டிலிருந்தே இன்டர்நெட் விற்பனை: வரி பயம் வேண்டாம்!

மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தி.நகரில் மொத்தமாகப் புடவை வாங்கித் தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், "இன்டர்நெட்டில் விற்கலாமா தம்பி? வரி கட்டச் சொல்வார்களாமே?" என்று கேட்டார்.

அவர் பயத்தில் நியாயம் உண்டு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிறு கடைக்காரர்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு இருந்தது. ஆனால் ஷாப்பிங் தளம் வழியாக ஒரே ஒரு புடவை விற்றாலும் பதிவு கட்டாயம்!

2023 அக்டோபர் 1 முதல் இது மாறிவிட்டது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பதிவு தேவையில்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணையும் முகவரியையும் தந்து, ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். அக்காவுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கவனிக்க வேண்டியவை

* இந்த எண்ணை வைத்து மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். வெளிமாநிலத்துக்குப் புடவை அனுப்பப் பதிவு வேண்டும். பதிவு செய்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஷாப்பிங் தளமும் 0.5 சதவீதம் பிடித்துக் கட்டும்.

* பதிவில்லாதவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்காது. அதையும் சேர்த்தே விலை வையுங்கள்.

* வீட்டில் பயன்படுத்திய பழைய மானிட்டரை விற்பது வியாபாரம் ஆகாது. அதற்கு இந்த எண்ணே வேண்டாம்.

பெங்களூரில் இருக்கும் மகளின் தோழிகள் புடவை கேட்கிறார்களே என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "முதலில் நம்ம ஊர் போதும்" என்றார். முதல் ஆர்டர் அடையாறிலிருந்து வந்தது!