கர்ப்பத்துக்கு முன்பே கேட்கப்படும் கேள்வி

செப்டம்பர் 9 நெருங்குகிறது. கருவிலிருக்கும் குழந்தையை மது பாதிப்பதைப் பற்றிய விழிப்புணர்வு நாளாக 1999 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் தேதி, கர்ப்பத்தின் ஒன்பது மாதங்கள் என்பது கணக்கு. இந்த நாளையொட்டி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் பூர்வகுடி ஊர்களில் நடக்கும் தாய்சேய் நலத் திட்டங்கள் செய்தியில் அடிபடும். அவற்றைப் படித்தவர்களின் கடிதங்களும் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. கர்ப்பிணிக்குச் சொல்ல வேண்டியதைக் கர்ப்பமே தரிக்காத பெண்ணிடம் ஏன் சொல்கிறார்கள்? நடுவில் குடும்பக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. பதிலுக்கு முன், சுகாதாரத் துறைகள் சலிக்காமல் சொல்லும் ஒரு வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: கருக்கால மதுப் பாதிப்பு 'நூற்றுக்கு நூறு தடுக்கக்கூடியது'. மது கருவைத் தொடவில்லை என்றால் பாதிப்பு இல்லை என்ற அளவில் அது உண்மைதான். ஆனால் அந்த வாசகத்தில் தாய் ஒருத்திதான் நிற்கிறாள். பாட்டிலை விற்றவர் இல்லை. கூடவே உட்கார்ந்து குடித்த கணவர் இல்லை. மகப்பேறு மருத்துவமனையை எட்டாத தூரத்தில் வைத்த அரசும் இல்லை.

காலக்கணக்கும் அதில் இல்லை. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்ப்பதற்குள் பல பெண்களுக்கு ஐந்தாறு வாரங்கள் ஓடிவிடுகின்றன. அமெரிக்காவில் கிட்டத்தட்ட பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் அமைபவை. கருவின் முகமும் இதயமும் மூளையின் அடித்தளமும் உருப்பெறத் தொடங்கும் காலம் அந்த ஐந்தாறு வாரங்கள்தான். கர்ப்பிணி அட்டையில் பெயர் ஏறிய பிறகு தொடங்கும் எந்த அறிவுரையும் அந்த வாரங்களுக்குப் போய்ச் சேராது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'சாய்ஸஸ்' என்ற திட்டத்தை அமெரிக்காவின் சி.டி.சி. என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னெடுத்தது. அதன் தர்க்கம் எளிமையானது, கூர்மையானதும்கூட. கருவை மது தொட வேண்டுமென்றால் இரண்டு முடிச்சுகள் ஒன்றாக இருக்க வேண்டும்: பெண் அதிகம் குடிக்க வேண்டும், பாதுகாப்பில்லாமல் கருத்தரிக்கும் நிலையிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை அவிழ்த்தால் போதும். குடியை விடலாம், கருத்தடையைச் சரியாகப் பின்பற்றலாம், இரண்டையும் செய்யலாம். எதை என்று முடிவு செய்பவள் அந்தப் பெண். நான்கு முறை ஆலோசகருடன் பேச்சு, ஒருமுறை கருத்தடை ஆலோசனை, திட்டம் அவ்வளவுதான்.

பேசும் முறையில்தான் இதன் உயிர் இருக்கிறது. அதை 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்கிறார்கள். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த முறை. ஆலோசகர் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போடுகிறார். குடியைக் குறைக்க எவ்வளவு தயாராக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவள் நான்கு என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கறையுள்ள யாருக்கும் அடுத்து வாயில் வருவது, 'ஏன் நாலுதான்? ஏன் எட்டு இல்லை?' என்ற கேள்வி. அப்படிக் கேட்டால் அவள் தடைகளை அடுக்குவாள்: வீட்டில் எல்லோரும் குடிக்கிறார்கள், வேலை இல்லை, சாயங்காலம் போக வேறு இடமில்லை. சொல்லச் சொல்ல, தன்னால் முடியாது என்பது அவளுக்கே உறுதிப்பட்டுவிடும்.

பயிற்சி பெற்றவர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: 'ஒன்று என்று சொல்லாமல் ஏன் நான்கு என்றீர்கள்?'

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவள் குடியைக் குறைப்பதற்கான காரணங்களைத் தேடியாக வேண்டும். மூத்த பிள்ளை தன்னைப் பார்த்த பார்வை, காலையில் எழ முடியாமல் போன வேலை, குடியால் அம்மாவுக்கு நேர்ந்த முடிவு. ஆலோசகர் ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லாம் அவள் வாயிலிருந்தே வந்தன. பிறர் சொன்ன புத்திமதி வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும். தன் வாயால் சொன்னது கூடவே நடக்கும். கருத்தடைக்கும் இதேபோல இன்னொரு கோடு உண்டு.

வேலை செய்கிறதா? 2007இல் வெளியான ஆய்வில் 830 பெண்கள் பங்கேற்றனர். சிறைகளிலும் போதை சிகிச்சை மையங்களிலும் சாதாரண மருத்துவமனைகளிலும் தேடிச் சேர்த்தவர்கள் இவர்கள். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 69 சதவீதத்தினர் அபாய நிலையிலிருந்து வெளியே வந்திருந்தனர். தகவல் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் சுமார் 54 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் மந்திரம் இல்லை. துண்டறிக்கைக் குழுவிலேயே பாதிக்கு மேல் மாறினார்கள் என்பதைத் திட்ட அறிமுகங்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

உறுத்தும் இடம் இனிமேல்தான் வருகிறது. 'அபாயம் குறைந்தது' என்று எண்ணப்பட்டவர்களில் கருத்தடை வழியைப் பிடித்தவர்கள் ஏராளம். அதாவது குடி அப்படியே இருந்தாலும், கருத்தடையைச் சரியாகப் பின்பற்றினால் அட்டவணையில் அது வெற்றி. நகரத்து மருத்துவமனையில் இந்தக் கணக்கு யாரையும் உறுத்தாமல் போகலாம். பூர்வகுடிப் பெண்ணிடம் அரசு சம்பளம் வாங்கும் ஒருவர் வந்து கருத்தடை பற்றிப் பேசும்போது அதற்கு ஒரு முன்கதை உண்டு.

1976 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. பூர்வகுடிகளுக்கான சுகாதாரச் சேவையின் 12 மண்டலங்களில் நான்கை மட்டும் அது ஆராய்ந்தது. 1973க்கும் 1976க்கும் இடையில் அந்த நான்கில் 3,406 கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. 21 வயது நிரம்பாதவர்களுக்குச் செய்யக் கூடாது என்ற தடை இருந்தும் 36 பேருக்குச் செய்திருந்தார்கள். ஒப்புதல் படிவங்கள் விதிப்படி இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஆளான பெண்களிடம் தணிக்கையாளர்கள் பேசவே இல்லை. அந்த நான்கில் ஒன்று அபர்டீன் மண்டலம். தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் அதற்குள் அடங்கியிருந்தது.

சாய்ஸஸ் பின்னாளில் போய்ச் சேர்ந்த ஊர்களில் பைன் ரிட்ஜும் ஒன்று. ஓக்லாலா லகோட்டா மக்களின் நிலம் அது. அங்கே மது விற்கத் தடை இருந்தது. ஆனால் எல்லையைத் தாண்டினால் நெப்ராஸ்கா மாநிலத்தின் வைட்கிளே. விரல்விட்டு எண்ணக்கூடிய குடித்தனங்கள், நான்கு பீர் கடைகள். ஆண்டுக்கு இலட்சக்கணக்கான கேன்கள் அங்கிருந்து போயின. 2017இல்தான் அந்தக் கடைகளின் உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் மூடப்பட்டன. அத்தனை ஆண்டுகளும் 'தடுக்கக்கூடியது' என்ற பாடம் பெண்களுக்கு மட்டுமே நடத்தப்பட்டது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

அந்த ஊரில் திட்டத்தை எடுத்து நடத்தியது ஓக்லாலா மக்களின் சொந்தச் சுகாதார நிர்வாகம். சி.டி.சி. பணம் தந்தது, திட்டம் ஊருக்கு ஏற்ப மாற்றப்பட்டது. இதைச் சிறிய விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. இதே தர்க்கத்தை 2016 பிப்ரவரியில் சி.டி.சி. தானே நாடு முழுவதற்கும் அறிவிப்பாகச் சொன்னபோது என்ன ஆனது என்று பார்த்தால் புரியும். குடிக்கும், கருத்தடை செய்யாத 33 இலட்சம் பெண்கள் அபாயத்தில் இருக்கிறார்கள் என்றது அறிவிப்பு. எங்களைக் கருப்பைகளாக மட்டும் பார்க்கிறீர்களா என்று பெண்கள் கொதித்தார்கள். அறிவியல் மாறவில்லை. கேள்வியாக இருந்தது உத்தரவாக மாறியிருந்தது.

யார் கேட்கிறார்கள் என்பது முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் இன்னொரு சான்று. 2007இல் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் உள்ளிட்ட பூர்வகுடிப் பெண்கள் ஒன்றுகூடிப் போராடி, கடைகளில் வாங்கிச் செல்லும் மதுவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைப் பரிசோதியுங்கள் என்று ஆய்வாளர்களை அழைத்ததும் அவர்கள்தான். 'லிலில்வான்' என்ற அந்த ஆய்வில் 108 குழந்தைகளில் 21 பேருக்குப் பாதிப்பு உறுதியானது. ஐந்தில் ஒன்று. வெளியிலிருந்து வந்த யாரோ சொல்லியிருந்தால் அந்த எண்ணிக்கை ஊரின் மேல் விழுந்த பழியாகியிருக்கும். ஊரே கேட்டு வாங்கியதால் சிகிச்சையும் பள்ளிகளில் உதவியும் கோருவதற்கு அதுவே ஆதாரமானது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

இது பூர்வகுடிகளின் நோயா? இல்லை, அமெரிக்காவின் நான்கு பொதுவான ஊர்களில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வு, 1.1 முதல் 5 சதவீதம் வரை பாதிப்பைக் கண்டது.

ஒரு கோப்பை வைன் பரவாயில்லையா? பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை.

குடிக்கும் கர்ப்பிணியை அடைத்து வைக்கலாமா? வின்னிபெக் நகரக் கர்ப்பிணி ஒருவரின் வழக்கில் 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அங்கே பழக்கம் பசை முகர்வது, ஆனால் கேள்வி இதேதான்.

பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டினால்? ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 31 முதல் கட்டாயம்.

ஏற்கெனவே குடித்துவிட்ட கர்ப்பிணி இப்போது நிறுத்திப் பயனுண்டா? உண்டு, மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. தினமும் அதிகம் குடித்தவர் மட்டும் சட்டென்று தானாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.