யாரும் இறங்கக் கூடாத குழி

கடைத்தொகுதியின் மூன்றாம் அடித்தளத்தில் இருக்கும் கழிவறைக்குப் போகிறீர்கள். வெளியே வருமுன் விசையை அழுத்துகிறீர்கள். தண்ணீர் சுழன்று இறங்கி மறைகிறது. அது எங்கே போகிறது?

வகுப்பில் கேட்டால் "கீழே, சார்" என்றுதான் பதில் வரும். பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கு அந்தப் பதில் சரி. கழிவுநீர் செங்குத்துக் குழாயில் விழுந்து, சாலைக்கு அடியில் சற்றே சரிவாகப் பதித்த குழாயில் சேர்ந்துவிடும். புவியீர்ப்பு விசை இலவசமாகச் செய்து தரும் வேலை அது. ஆனால் மூன்றாம் அடித்தளத்தில் நிற்பவருக்கு அந்தச் சாலைக் குழாய் தலைக்கு மேலே இருக்கிறது. கீழே போன தண்ணீர் மறுபடியும் மேலே ஏறியாக வேண்டும்.

அதை ஏற்றுவது, தரைக்கு அடியில் ஒரு குழிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப். அது ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் கழிவறை வாசலில் மஞ்சள் பலகை வந்துவிடும்.

சென்ற பள்ளி விடுமுறையில் அப்படியொரு பலகைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நான் அண்ணன் என்று அழைக்கும் உறவினர் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அன்று காலை கடை திறக்குமுன் அவருடைய குழு ஒரு பழைய பம்பை எடுத்துவிட்டுப் புதியதை இறக்க வேண்டியிருந்தது. "தம்பி, அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது," என்பதுதான் அவர் என்னிடம் முதலில் சொன்னது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் கணக்கு.

பத்து மீட்டர் ஏற்றம்

குழியின் அடியிலிருந்து சாலைக் குழாய்வரை 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் நீரின் அழுத்தம் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். 10 × 1,000 × 10 = 100,000 பாஸ்கல். ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். பம்ப் குறைந்தது இந்த அழுத்தத்தையாவது உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும்.

விநாடிக்கு 10 லிட்டரை, அதாவது 10 கிலோகிராமை, அந்த உயரத்துக்கு ஏற்ற விநாடிக்கு 10 × 10 × 10 = 1,000 ஜூல் ஆற்றல் தேவை. அதுதான் 1 கிலோவாட். ஆனால் அண்ணன் இறக்கவிருந்த பம்பின் மோட்டார் அதைவிட இரு மடங்குக்கும் மேல் பெரியது. குழாய்ச் சுவரின் உராய்வு ஒரு காரணம். இன்னொரு காரணம் பம்பின் வடிவம். நல்ல தண்ணீரை ஏற்றும் பம்பில் சுழல் தகடுகளுக்கு நடுவே குறுகிய வழிதான் இருக்கும்; நீர் நழுவாமல் திறமாகத் தள்ளப்படும். கழிவுநீரில் திடப்பொருள்களும் வருவதால் அந்த வழியை அகலமாக வைக்கிறார்கள். அடைப்புக் குறைகிறது, திறனும் குறைகிறது. பொறியாளர்கள் தெரிந்தே செய்துகொள்ளும் சமரசம் இது.

பம்பை மேலே வைத்து உறிஞ்சி எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். உறிஞ்சுகுழாயில் பானம் குடிக்கும்போது உண்மையில் பானத்தை மேலே தள்ளுவது வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம். அந்த அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது. நடைமுறையில் அவ்வளவுகூட முடியாது. கீழிருந்து தள்ளுவதற்கு அப்படியொரு எல்லை இல்லை. மேலும், சுற்றியிருக்கும் நீர் மோட்டாரின் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த வகைப் பம்ப் முழுதாக வற்றுவதற்கு முன்பே நிறுத்தப்படுகிறது.

மிதவையும் ஒருவழி வால்வும்

பம்பை யார் இயக்குவது? ஒரு மிதவை. குழியில் நீர்மட்டம் உயர்ந்தால் மிதவை உயர்ந்து சாயும்; உள்ளே இருக்கும் விசை இணைந்து மோட்டார் ஓடும். மட்டம் தாழ்ந்தால் நிற்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசைதான். பெரிய கட்டடங்களில் இரண்டு பம்புகள் மாறி மாறி ஓடும். ஒன்றால் சமாளிக்க முடியாதபோது இரண்டாவதும் சேர்ந்துகொள்ள ஒரு மிதவை. அதற்கும் மேலே நீர் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க இன்னொன்று. உணவுக் கடைகளிலிருந்து தப்பி வரும் கொழுப்பு மிதவையில் படிந்து உறைந்தால் அது சரியாக அசையாது. சின்னப் பொருள்தான், ஆனால் அது ஒட்டிக்கொண்டால் பெரிய மோட்டார் இருந்தும் பயனில்லை.

மேலேறும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. அதன் அருமை ஒரு கணக்கில் புரியும். 100 மில்லிமீட்டர் விட்டமும் 10 மீட்டர் உயரமும் உள்ள குழாயின் கொள்ளளவு எவ்வளவு? உருளையின் கன அளவைப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 78 லிட்டர். வால்வு இல்லாவிட்டால் பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த 78 லிட்டரும் திரும்பக் குழிக்குள் விழும். மிதவை மறுபடி உயரும், பம்ப் மறுபடி ஓடும், நின்றதும் அதே நீர் மறுபடி விழும்.

இது மின்சார வீண் மட்டும் அல்ல. மோட்டார் புறப்படும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். அடிக்கடி புறப்பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். அப்படியானால் குழியைப் பெரிதாக வெட்டிவிட்டால் பம்ப் எப்போதாவது ஒருமுறைதானே ஓடும்? அதுவும் ஆபத்து. கழிவுநீர் நீண்ட நேரம் தேங்கி நின்றால் அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அவை உண்டாக்குவது ஹைட்ரஜன் சல்பைடு.

மஞ்சள் கோட்டின் காரணம்

அழுகிய முட்டை வாடை என்று நீங்கள் ஆய்வுக்கூடத்தில் படித்த அதே வாயு. இரண்டு ஹைட்ரஜன் அணுவும் ஒரு கந்தக அணுவும் சேர்ந்து அதன் மூலக்கூற்று நிறை 34. காற்றின் சராசரி 29. அதனால் இது குழியின் அடியில் தங்கும்.

வாடை வந்தால் ஓடிவிடலாமே என்று நினைக்க வேண்டாம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது இது மோப்ப உணர்வை மரக்கச் செய்துவிடுகிறது. வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து கூடியிருக்கும். அளவு இன்னும் பல மடங்கு ஏறினால் சில மூச்சுகளிலேயே ஒருவர் மயங்கி விழுவார். தேங்கிய சேற்றைக் கலக்கினால் அதில் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாக வெளியேறும். பம்பை அசைத்து எடுப்பதும் கலக்குவதுதான்.

இது எங்கோ நடக்கும் கதையும் அல்ல. 2024 மே மாதம் சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்த ஊழியர் ஒருவர் ஹைட்ரஜன் சல்பைடைச் சுவாசித்து உயிரிழந்தார். மேலும் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது கழிவுநீர் ஆலைகூட இல்லை, குடிநீர் ஆலை. இத்தகைய விபத்துகளில் உலகெங்கும் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று உண்டு: விழுந்தவரைக் காப்பாற்ற எந்தக் கருவியும் இல்லாமல் அடுத்தவரும் இறங்கிவிடுகிறார்.

"உள்ளே என் தம்பியே விழுந்தாலும் நான் இறங்க மாட்டேன். கயிற்றால் இழுப்பேன், உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்," என்றார் அண்ணன். கேட்கக் கொடுமையாக இருந்தது. அவர் அதைச் சொன்ன விதத்தில், யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று தோன்றியது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆளுக்குப் பதில் தண்டவாளம்

அன்று யாரும் குழிக்குள் இறங்கவில்லை என்பதுதான் நான் பார்த்ததில் மிகச் சிறந்த பொறியியல்.

முதலில் கழிவறைகளை மூடி, குழிக்கு நீர் வருவதை நிறுத்தினார்கள். மின்சாரத்தைத் துண்டித்து விசைப்பெட்டியைப் பூட்டினார்கள். சாவி அண்ணனின் சட்டைப் பைக்குள் போனது. குழாயில் இருந்த தடுப்பு வால்வை மூடினார்கள். மூடியைத் திறந்ததும் காற்றூதியை ஓடவிட்டு, வாயு அளக்கும் கருவியின் குழாயை மேல், நடு, அடி என்று மூன்று ஆழங்களில் இறக்கிப் பார்த்தார்கள். யாரும் இறங்கப் போவதில்லை என்றாலும் குழியின் வாயில் குனிந்து வேலை செய்பவருக்கும் அது தேவை.

குழிக்குள் இரண்டு துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் தண்டவாளம்போல் செங்குத்தாக நின்றன. சாதாரண இரும்பு அங்கே தாங்காது. ஈரமான சுவரில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அது கான்கிரீட்டையே அரிக்கும். பம்ப் அந்தத் தண்டவாளத்தில் வழுக்கி ஏறி இறங்கும். அடியில், மேலேறும் குழாயின் வளைந்த முனை தரையோடு இறுக்கப்பட்டிருக்கிறது. பம்பின் வாயில் ஒரு கொக்கி. இறங்கி வந்து அந்த முனையில் கொக்கி மாட்டியதும் பம்ப் சற்றே சாயும். அதன் சொந்த எடையே இரண்டு வாய்களையும் அழுத்தி மூடும். போல்ட் கிடையாது, ஸ்பேனர் கிடையாது. நெம்புகோல் தத்துவத்தைப் பாடநூலில் எத்தனையோ படங்களில் காட்டியிருக்கிறேன். இனி இதைத்தான் காட்டப்போகிறேன்.

சங்கிலியை இழுக்க இழுக்க, ஓர் ஆளின் எடைக்குக் குறையாத பழைய பம்ப் தானே கழன்று மேலே வந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்ததும் காரணம் தெரிந்தது. சுழல் தகட்டில் முறுக்கிய கயிறுபோல் ஈரத்துடைப்புத் தாள்கள். கழிவறைத் தாள் தண்ணீரில் ஊறினால் பிரிந்து கூழாகிவிடும். ஈரத்துடைப்புத் தாளில் பலவும் செயற்கை இழையால் ஆனவை, பிரியாது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தகட்டைச் சுற்றி இறுகியதில் மோட்டார் திணறி, அதிர்வில் அச்சைச் சுற்றியிருந்த அடைப்பு தேய்ந்து, உள்ளே நீர் புகுந்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கவே இருபது நிமிடம் ஆயிற்று.

புதிய பம்பை உடனே இறக்கவில்லை. சங்கிலியில் தொங்கவிட்டு, எல்லாரையும் விலகச் சொல்லி, ஒரே ஒரு நொடி மின்சாரம் கொடுத்தார் அண்ணன். பம்பின் உடல் வெட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. "தப்பு," என்றார். சுழல் தகடு ஒரு பக்கம் சுழன்றால் தொங்கும் உடல் எதிர்ப்பக்கம் உதறும். நியூட்டனின் மூன்றாம் விதி. உதறும் திசையை உடலில் வரைந்திருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டால் மோட்டார் சரியாகச் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் சுழற்சி தலைகீழாகும். மாற்றினார், மறுபடி பார்த்தார், தலையசைத்தார். திரும்பவும் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் பம்பை இறக்கினார். தலைகீழாகச் சுழன்றாலும் இந்தப் பம்ப் நீரை ஏற்றும், ஆனால் பலவீனமாக. யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடி, மெதுவாகக் கெட்டுப்போகும்.

பர்மாவில் ஒரு பழைய உறவு

அண்ணனின் குழுவினர் இந்தப் பம்பை 'எஜெக்டர்' என்கிறார்கள். அந்தச் சொல் இன்னொரு கருவிக்குச் சொந்தமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேல்ஸின் ரெக்ஸம் நகரைச் சேர்ந்த ஐசக் ஷோன் என்பவர், இரும்புக் கலத்தில் சேரும் கழிவுநீரை அழுத்தப்பட்ட காற்றால் வெளியே தள்ளும் எஜெக்டரை உருவாக்கினார். கழிவுநீருக்குள் மோட்டாரும் இல்லை, சுழலும் பாகமும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தில் அதைப் பொருத்தினார்கள். சரிவே இல்லாத தட்டையான ரங்கூன் நகரிலும் 1890 வாக்கில் பொருத்தினார்கள். இன்று யங்கோன் எனப்படும் அந்நகரின் மையப் பகுதியில் அந்த முறை நூறாண்டு கடந்தும் பயனில் இருந்தது.

சிங்கப்பூரில் வேறொரு வேடிக்கை. இங்கே கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதல் கட்டம் 2008இல் கட்டி முடிக்கப்பட்டது. வழிநெடுக இருந்த பம்ப் நிலையங்களைக் குறைத்து, சரிவிலேயே கழிவுநீரை ஓடவிடுவது நோக்கம். சில இடங்களில் அது 50 மீட்டருக்கும் கீழே போகிறது. நம் மூன்றாம் அடித்தளத்தைவிடப் பல மடங்கு ஆழம்! ஆனாலும் அடித்தளக் கழிவுநீர் முதலில் சாலைக் குழாய்க்கு மேலே ஏறித்தான், பிறகு சுரங்கத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் அந்தச் சுரங்கத்துக்கு நேராகத் துளையிட முடியாதல்லவா? சாங்கியில் அது பெரிய பம்புகளால் மீண்டும் தரைமட்டத்துக்கு ஏற்றப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. ஒரே நீர் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது.

கழிவறை வாசலிலிருந்து மஞ்சள் பலகையை எடுத்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணன் பதிவேட்டில் நேரம் எழுதினார். நாங்கள் கருவிகளைத் தள்ளுவண்டியில் அடுக்குவதற்குள் ஆட்கள் உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காலடியில் மெல்லிய உறுமல் கேட்டது. அது நின்றதும் ஒருவழி வால்வு மூடிக்கொண்ட சத்தம், 'டக்' என்று ஒருமுறை. அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. "சரி தம்பி, வா, தேநீர் குடிக்கலாம்," என்றார்.