மெடிக்கல்காரர் கேட்க வேண்டிய கேள்வி

குரும்பகரம் போன்ற சிற்றூரில் நெஞ்சுச்சளி கட்டினால் பலர் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, மெடிக்கலுக்குத்தான். "காய்ச்சலுக்கும் சளிக்கும் சேர்த்து மூணு நாளைக்குக் குடு தம்பி" என்றால் அசித்ரோமைசின் கைக்கு வந்துவிடுகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கேட்கும் பெரியவரோ மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அதே கடையில் மாத்திரை வாங்குகிறவர். அவருக்கு நிமோனியா வந்தால் எவ்வளவு ஆபத்து என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநரால் எளிதில் கணிக்க முடியும். ஆனாலும், "நிமோனியா தடுப்பூசி போட்டாச்சா பெரியப்பா?" என்று அவர் கேட்பது அபூர்வம்.

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கிலும் தொண்டையிலும், குறிப்பாகச் சிறுபிள்ளைகளிடம், தொந்தரவு தராமல் குடியிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் அது நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ மூளை உறைக்கோ இறங்கிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரக நோயாளிகள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், மூச்சிழுப்பு உள்ளவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது. சாப்பிட மறுப்பார், மூச்சு வேகமாக வாங்கும், பேச்சு தடுமாறும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தக் கிருமியைத் தடுக்கும் நிமோனியா தடுப்பூசி குழந்தைகளுக்கு இலவசம். 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கி, 2021இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று தவணை. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும், விலையும் ஆயிரக்கணக்கில் போகும். 20 வகைக் கிருமிகளுக்கு எதிரான புதிய ஊசி என்றால் ஒரே தவணை போதும். பழைய முறையில் 13 வகைக்கான ஊசியை முதலிலும் 23 வகைக்கான ஊசியைப் பிறகும் போடுவார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மருந்தாளுநரே தடுப்பூசி போடலாம். இங்கே அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. என்னைக் கேட்டால், இப்போதைக்கு ஊசி போடும் அதிகாரத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. அதே விதிகள் பணிக்காலத்தில் புத்தாக்கப் பயிற்சியையும் கேட்கின்றன. அந்தப் பயிற்சியில் ஒரு மணி நேரம் நிமோனியா தடுப்பூசிக்கு ஒதுக்கினால், யாரிடம் கேட்பது, எந்த அறிகுறிக்கு மாத்திரை தராமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் பழகிவிடும்.

ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து உருகிய ஊசியைப் பார்வையால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டி வைப்பதும், கதவுத் தட்டில் வைப்பதும், உறைந்த ஐஸ் பேக்கின் மேலேயே ஊசியை வைத்துக் கட்டித் தருவதும் தவறு. பேக்குக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே மடித்த துணியோ அட்டையோ வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாக் கரையில் மின்சாரம் எத்தனை நாள் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். புயல் நாளில் தடுப்பூசியை எங்கே மாற்றுவது என்ற ஏற்பாடு கடைக்காரரிடம் முன்பே இருக்க வேண்டும்.

வாங்குகிறவரும் கேட்கலாம். பெட்டிக்குள் தெர்மாமீட்டர் இருக்கிறதா? ஊசியை வாங்கி வீட்டில் வைத்து நாளை போடலாம் என்று நினைக்காதீர்கள்; மருத்துவர் நேரம் கேட்டுக்கொண்டு நேரே போங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கைவலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். பெரிய ஒவ்வாமை அரிது. ஏதாவது வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு, 1800-180-3024 என்ற மருந்துக் கண்காணிப்பு எண்ணில் பதிவு செய்யலாம்.

பில் கட்டாயம் வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கட்டும். புகார் என்று வந்தால் கடையின் முகவரி முக்கியம். குரும்பகரம், நெடுங்காடு பக்கம் இருக்கும் கடைக்குப் புதுச்சேரியின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பொறுப்பு. சிறிது தூரத்தில் எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுத் துறை. பணம் போனதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது.