தெருவிளக்கு யார் பொறுப்பு?

சாரல் காலத்தில் ஓர் இரவு தென்காசியிலிருந்து குற்றாலம் வரை சென்று பாருங்கள். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வழிதான். ஆயினும் தென்காசி நகராட்சி, மேலகரம் பேரூராட்சி, குற்றாலம் பேரூராட்சி என மூன்று எல்லைகளை அவ்வழி கடக்கிறது. பழைய குற்றாலம் செல்வோர் ஆயிரப்பேரி ஊராட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பங்கள் ஒரே வரிசையாக நிற்கின்றன. விளக்குக்கு உரியவரோ மாறிக்கொண்டே இருக்கிறார்.

இதனை ஏன் முதலில் கூறுகிறேன் என்றால், தெருவிளக்கு எரியவில்லை என்றதும் நம்மில் பலர் மின்வாரியத்தையே குறை கூறுகிறோம். கம்பமும் கம்பியும் மின்சாரமும் அவர்களுடையவை. விளக்கும், அதன் பராமரிப்பும், அது எரிந்ததற்கான கட்டணமும் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. அக்கட்டணம் நாம் செலுத்தும் வரியிலிருந்தே போகிறது. இரு கைகள் சேர்ந்து ஏற்றும் விளக்கு இது. ஒரு கை மற்றதைச் சுட்டிக்காட்டத் தொடங்கினால் தெரு இருண்டுவிடும்.

நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா அமைந்த தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்; ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலுக்கு எதிரே இருந்த விளக்கு அணைந்தது. மஃரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளில் ஒரு சிறுவன் திறந்து கிடந்த சாக்கடையில் கால் வைத்து முழங்காலை உடைத்துக்கொண்டான். அடுத்த வாரம் முதல் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். தாய்மார்களைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை. சுப்ஹுக்கு வரும் முதியவர் ஒருவர் வீட்டிலேயே தொழத் தொடங்கினார். அலுவலகத்தில் வாய்மொழியாக மும்முறை சொன்னோம், பயனில்லை. பிறகு ஒரு மாணவன் கம்பத்தில் வண்ணத்தால் எழுதியிருந்த எண்ணைக் குறித்துவந்தான். அந்த எண்ணையும், எந்த நாளிலிருந்து எரியவில்லை என்பதையும் எழுதி, மனுவைப் பெற்றதற்கு ஒப்பமும் வாங்கினோம். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. “பள்ளிவாசல் பக்கத்து லைட்” என்று சொன்னால் எந்த லைட் என்று பணியாளர் எங்கே தேடுவார்!

பத்தாம் நூற்றாண்டில் குர்துபா நகர வீதிகளில் இரவெல்லாம் விளக்கெரிந்ததை மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். நம் வீட்டெதிரே உள்ள கம்பத்தின் எண் நமக்குத் தெரியாது.

நம் நாட்டில் 1905ஆம் ஆண்டிலேயே பெங்களூரின் தெருக்களில் சிவசமுத்திர அருவி மின்சாரத்தால் விளக்கேற்றினர். நெல்லைச் சீமைக்கு அருகிலேயே மின்சாரம் பிறந்தது 1944இல், பாபநாசம் நீர்மின் நிலையத்தில். குண்டு பல்பு போய் டியூப் லைட் வந்தது. பெருஞ்சாலைகளில் மஞ்சள் சோடியம் விளக்கு வந்தது. 2015இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்திற்குப் பின் எல்.இ.டி. விரைவாகப் பரவியது. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். 40 வாட் டியூப் லைட் தன் சோக்குடன் சேர்த்து ஏறத்தாழ 50 வாட் உண்ணும். இரவில் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 219 யூனிட். அவ்விடத்தில் 20 வாட் எல்.இ.டி. வைத்தால் 88 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

விளக்கை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கும் விதியுண்டு. ஐ.எஸ். 1944 என்னும் இந்தியத் தரவிதி, போக்குவரத்து மிகுந்த முதன்மைச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் ஒளியும், குறைந்த போக்குவரத்துள்ள சிறு தெருவுக்கு 4 லக்ஸும் போதும் என்கிறது. ஒளியின் அளவோடு அதன் சீரும் முக்கியம் என்று அவ்விதி கூறுவதை நான் பெரிதும் மதிக்கிறேன். கண்கூசும் ஒரு விளக்கும், அடுத்துக் கும்மிருட்டும் இருந்தால், விளக்கே இல்லாத தெருவைவிட அது ஆபத்தானது. கண் இருளுக்குப் பழகுவதற்குள் கால் பள்ளத்தில் விழும்.

குற்றாலத்திற்குத் தனிக்கவலைகள் உண்டு. சாரலும் ஈரமும் மின்னலும் எல்.இ.டி.யின் உள்ளிருக்கும் மின்சுற்றைக் கெடுக்கும். நீர்புகாத மூடியும் மின்னல் தாங்கும் கருவியும் இல்லாத மலிவு விளக்கு ஒரு சீசனைக் கடப்பது அரிது. மரக்கிளைகளைச் சாரலுக்கு முன் வெட்டாவிட்டால் விளக்கு எரிந்தும் சாலையில் ஒளி விழாது. காட்டை ஒட்டிய ஐந்தருவிச் சாலை போன்ற இடங்களில் நீலம் கலந்த வெள்ளொளி பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும். இளமஞ்சள் ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் விழச் செய்வதே முறை. பேரருவியிலோ ஒளி குறையவே கூடாது. இரவிலும் குடும்பங்கள் நீராட வருகின்றன. நீர் பெருகி ஆர்ச்சைத் தாண்டுவதைக் காவலர் காண்பதற்கும், குளிப்பவர் வழுக்குப் பாறையில் அடியெடுத்து வைப்பதற்கும் அவ்வொளியே துணை.

இனி உங்கள் தெருவுக்கு வாருங்கள். இரவு அண்ணாந்து பாருங்கள். பல தெருக்களில் கம்பத்தின்மேல் ஐந்து கம்பிகள் ஓடும். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஐந்தாவது தெருவிளக்குக்கு உரியது. தெரு முழுதும் இருண்டு வீடுகளில் மின்சாரம் இருந்தால் பழுது பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டியில் அல்லது அந்த ஐந்தாம் கம்பியில். ஒன்று மட்டும் எரியவில்லையேல் அந்த விளக்கில். பட்டப்பகலில் எரிந்தால் நேரக்கருவியில். இதையும் கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களே ஏறவோ, பெட்டியைத் திறக்கவோ வேண்டாம். மழைநாளில் கம்பத்தைத் தொடுவதும் கூடாது.

எங்கள் மதரஸாவில் இப்போது அந்த மாணவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். தெருவின் 11 கம்பங்களும் அதில் வரிசையாக உள்ளன. வியாழன்தோறும் இஷாவுக்குப் பின் ஒரு நடை நடந்து குறித்துவருகிறான். நின்றுபோன பிள்ளைகளில் இருவர் இன்னும் வரவில்லை.