உரம் கட்டியாகாமல் இருக்க எவ்வளவு மெழுகு?

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கட்டியாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யூரியா, அம்மோனியம் நைட்ரேட் போன்ற உரங்களுக்கும் இதே நிலைதான். அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றன. உரக் குருணைகளின் மேற்பரப்பு சற்றே கரைகிறது. மீண்டும் உலரும்போது குருணைகளை இணைக்கும் படிகப் பாலங்கள் உருவாகின்றன. மூட்டை கல்போல இறுகிவிடுகிறது.

இதைத் தடுக்கவே ஆலைகளில் சில சேர்க்கைப் பொருள்களைக் கலக்கிறார்கள். உருகிய யூரியாவில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் குருணைகள் உறுதியாகின்றன. வேறு சில உரங்களின் மேல் களிமண் தூள், எண்ணெய் அல்லது மெழுகு பூசப்படுகிறது. எதைச் சேர்த்தாலும் அளவு முக்கியம். குறைந்தால் உரம் கட்டியாகும். கூடினால் என்ன ஆகும்?

1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் 'கிராண்ட்கேம்ப்' என்ற கப்பலில் தீப்பற்றியது. அதில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. சிறிது நேரத்தில் கப்பல் வெடித்துச் சிதறியது. அந்த விபத்தில் சுமார் 580 பேர் இறந்தனர். அந்த உரம் கட்டியாகாமல் இருக்க, அதன் மேல் மெழுகு பூசப்பட்டிருந்தது.

அம்மோனியம் நைட்ரேட் ஓர் ஆக்சிஜனேற்றி. அது வெடித்துச் சிதையும்போது நைட்ரஜன், நீராவி ஆகியவற்றோடு ஆக்சிஜனும் மிஞ்சுகிறது. மெழுகோ எரிபொருள். இரண்டும் சேர்ந்தால், எரிவதற்கு வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. அம்மோனியம் நைட்ரேட் தனியாகவே ஆபத்தானதுதான்; மெழுகு அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

எனவேதான் இன்று, நைட்ரேட் மிகுந்த இவ்வகை உரத்தில் எரியக்கூடிய பொருள், கார்பனாகக் கணக்கிட்டால், 0.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கப்பல் போக்குவரத்து விதிகள் வரம்பிடுகின்றன. அதாவது, 1,000 கிலோ உரத்தில் 2 கிலோ. இதைச் சோதிக்க, ஆய்வகத்தில் உர மாதிரியிலுள்ள கார்பனை ஆக்சிஜனேற்றம் செய்து, வெளிவரும் கரியமில வாயுவை அளக்கிறார்கள்.

ஆனால் ஆய்வக முடிவு வருவதற்குள் பல டன் உரம் தயாராகியிருக்கும். ஆகவே ஆலைக்குள்ளேயே கட்டுப்பாடு தேவை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலை மணிக்கு 60 டன் உரம் தயாரிக்கிறது. பம்பு மணிக்கு 60 கிலோ மெழுகைத் தெளிக்கிறது. அளவு 0.1 விழுக்காடு. ஏதோ காரணத்தால் உற்பத்தி 20 டன்னாகக் குறைகிறது, பம்பு மட்டும் அதே வேகத்தில் ஓடுகிறது என்றால்? மெழுகு 0.3 விழுக்காடாகிவிடும். மெழுகின் பெரும்பகுதி கார்பன் என்பதால் வரம்பு மீறப்படும். யாரும் கூடுதலாக ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை!

இதனால்தான் நவீன ஆலைகளில் உரத்தின் எடையைத் தொடர்ந்து அளக்கும் கருவியோடு பம்பை இணைக்கிறார்கள். உரம் குறைந்தால் பம்பின் வேகமும் தானாகக் குறையும். மாணவர்களே, கட்டுப்படுத்த வேண்டியது மெழுகின் எடையை அல்ல. உரத்துக்கும் மெழுகுக்கும் உள்ள விகிதத்தை. கணிதப் பாடத்தில் படிக்கும் விகிதம் இங்கே உயிர் காக்கிறது.